தொழில் வினவிய வைத்தியர்: பெர்னார்டினோ ராமஸ்ஸினி

நோயுற்றாரைக் காணவரும் வைத்தியன் எவ்வெவற்றை வினவுதல் வேண்டும் என்பதனைக் கிரேக்க தேசத்துப் பெரியார் ஹிப்போக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய நூல்கள் வகுத்துரைக்கின்றன. நோவு எத்தன்மையது, எக்காரணம்பற்றி வந்தது, எத்தனை நாளாயிற்று, மலசலம் எவ்வாறுளது, உண்ட உணவு யாது என்பன அவ்வினாக்கள். அந்நூல்கள் தோன்றி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் சென்றன. அத்துணைக் காலத்தும் வைத்தியர் பலர் தோன்றினர். பல வாதங்கள் எழுந்தன. பெரிய சர்வகலாசாலைகள் நிறுவப்பட்டன. ஆயினும் அவ்வினாக்களோடு இன்னுமொரு வினாவைச் சேர்த்தல் வேண்டும் என்று அழுத்திக் கூற ஒருவர் வரவேண்டியிருந்தது. அவரே இத்தாலி தேசத்தவரான பெர்னார்டினோ ராமஸ்ஸினி. அவர் சேர்த்த வினா, நோயாளி செய்யும் தொழில் யாது என்பதே. கேட்பார்க்கு இது சிறு குழந்தையும் கேட்கக்கூடிய கேள்வியாகத் தோன்றும். அங்ஙனம் தோன்றுவதே அவர் பெருமை என்பது நம் கருத்து.

ராமஸ்ஸினி 1633ஆம் ஆண்டில், வட இத்தாலியில் மோதேனா நகருக்கு அணித்தாகவுள்ள கார்ப்பி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூரில் இயேசு சபைக் குருமார் நடத்திய பாடசாலையில் இலத்தீன் மொழியை நன்கு பயின்றார். பின்னாளில் அவர் எழுதியவற்றுட் பெரும்பாலன அம்மொழியிலேயே அமைந்தன. பிறகு பார்மா நகரத்துச் சர்வகலாசாலையிற் சேர்ந்து, முதலில் தத்துவமும் அதன்பின் வைத்தியமும் கற்று, 1659இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற இளைஞர் ரோமாபுரி சென்று, அங்கு அனுபவமுடைய வைத்தியர் ஒருவரிடம் சில காலம் தொழில் பயின்று, அந்நகருக்கு வடபாலுள்ள கானினோ, மார்த்தா என்னும் ஊர்களில் வைத்தியராக அமர்ந்தார். அப்பிரதேசம் அக்காலத்திற் குளிர்சுரத்திற்குப் பேர்போனது. பிறர் நோயைத் தீர்க்கச் சென்றவர் தாமே அந்நோய்வாய்ப்பட்டு மெலிந்து, பிறந்த ஊருக்குத் திரும்பலானார். கார்ப்பியில் உடல் தேறி, மணம்புரிந்து, வைத்தியம் செய்துவந்தார். 1671இல் மோதேனாவிற் குடியேறினார்.

மோதேனாவில் அவருக்கு வரவேற்புச் சிறக்கவில்லை. உள்ளூர் வைத்தியர் சிலர் அவரைப் புறவூரார் என எள்ளினர். அவரும் வாதத்திற்கு அஞ்சுபவரல்லர். சிலரோடு எழுத்திற் போர் தொடுத்து, அதனாற் பகையும் தேடிக்கொண்டார். இப்போர்களைப் பற்றி விரித்துரைத்தல் இங்கு வேண்டுவதன்று. எஸ்தே வமிசத்து இரண்டாம் பிரான்செஸ்கோ என்னும் பிரபு மோதேனாவிற் சர்வகலாசாலையைப் புதுப்பித்தபோது, 1682இல் ராமஸ்ஸினியை வைத்திய சாஸ்திர ஆசிரியராக நியமித்தார். அப்பதவியில் அவர் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். 1690இல் மழை மிகுந்து பயிர் கெட்டு, நாட்டுப்புறத்திற் கொள்ளைக்காய்ச்சல் பரவியது. அவர் அதனை ஆராய்ந்து நூல் எழுதினார். மறுவருடம் மோதேனா நகரத்துக் கிணறுகளில் நீர் தானே பொங்கி எழுவதன் காரணத்தை ஆராய்ந்து மற்றொரு நூல் வெளியிட்டார். ஜெர்மானியத் தத்துவஞானியாகிய லைப்னிட்ஸ் சரித்திர ஆராய்ச்சியின்பொருட்டு மோதேனா வந்திருந்தபோது அவரோடு நட்புப் பூண்டு, பின்னரும் கடிதப் போக்குவரத்து நடத்தினார். இவ்வளவோடு நின்றிருப்பாராயின், ராமஸ்ஸினியின் பெயர் இத்தாலிய சரித்திர நூல்களின் அடிக்குறிப்பில் மட்டுமே இன்று காணப்படும்.

அவரைப் பெரியாராக்கியது ஒரு மலக்குழி.

மோதேனா நகரம் குறுகிய இடத்தில் உயர்ந்த வீடுகள் நெருங்கியிருந்த ஊர். வீடுகளின் மலக்குழிகளை மூன்றாண்டிற்கொருமுறை ஆள்விட்டு எடுப்பித்தல் அவ்வூர் வழக்கம். ராமஸ்ஸினியின் இல்லத்தில் இவ்வேலை நடந்தபோது, குழியில் இறங்கிய தொழிலாளி ஒருவன் மூச்சுவிடவும் பொழுதின்றி விரைந்து விரைந்து உழைப்பதை அவர் கண்டார். அவன்மேல் இரக்கங்கொண்டு, இத்துணை அவசரம் எதற்கு, சற்று மெல்லச் செய்தல் ஆகாதோ என வினவினார். அவன் குழியினின்று கண்களை உயர்த்தி அவரை நோக்கினான். அவ்விடத்தில் நான்கு மணி நேரத்திற்கு மேல் நிற்பது கண்ணிழப்பதற்கு ஒப்பாம் என்றும், அனுபவியாதார் அதனை அறியார் என்றும் கூறினான். வேலை முடிந்து அவன் வெளிவந்ததும் ராமஸ்ஸினி அவன் கண்களைப் பரிசோதித்தார். அவை செக்கச்சிவந்து மங்கியிருந்தன. இதற்கு என்ன மருந்து செய்வீர்கள் என்று கேட்டார். வீடு சென்று இருட்டறையில் அடைந்து, மறுநாள் வரை அங்கேயே கிடந்து, இளவெந்நீரால் கண்களைக் கழுவுவதே மருந்து என்றான். தொண்டை எரியுமா, மூச்சு முட்டுமா, தலை நோகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவையொன்றும் இல்லை, கண்ணே கெடும் என்றான். அதன்பின்னரே, அந்நகரத் தெருக்களில் பிச்சை எடுத்துத் திரிந்த குருடர் சிலர் முன்னர் இத்தொழில் செய்தவர் என்பது அவர்க்குப் புலனாயிற்று.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. பேராசிரியர் ஒருவர் மலக்குழியில் நின்ற மனிதனிடம் கேட்டது உபசாரமாக அன்று, மாணாக்கனாகக் கேட்டார். தம் நூல்களில் இல்லாத ஒன்று அம்மனிதனிடம் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டார். ஏழை வீட்டிற்குச் செல்லும் வைத்தியன், பொன்முலாம் பூசிய நாற்காலியைத் தேடாமல், முக்காலி கிடைத்தாலும் அதிலமர்ந்து, நாடியைப் பிடித்தவுடன் மருந்து எழுதிவிடாமல், சாவதானமாக வினவுதல் வேண்டும் என்று அவர் தம் நூலின் முன்னுரையில் அறிவுறுத்தியுள்ளார்.

அன்றுமுதல் ராமஸ்ஸினி தொழிற்கூடங்களுக்குச் செல்லத் தொடங்கினார். கன்னார் தெரு, குயவர் சூளை, கல்தச்சர் பட்டறை, மாவு அரைக்கும் இடம், கந்தை பொறுக்குவோர் கூடம் என எங்கும் புகுந்தார். அவ்வாறு புகுவதில் வெட்கமில்லை என்று வெளிப்படையாகவும் எழுதினார். இதன் பயனாக 1700ஆம் ஆண்டு மோதேனாவில் அவருடைய தே மோர்பிஸ் ஆர்ட்டிஃபிக்கும் என்னும் இலத்தீன் நூல் வெளிவந்தது. தொழிலாளர் நோய்களைப் பற்றியது என்பது அப்பெயரின் பொருள். 40க்கு மேற்பட்ட தொழில்கள் அதில் ஆராயப்பட்டன. பொன்முலாம் பூசுவோரைப் பாதரசமும், குயவரை ஈயமும், கல்தச்சரைத் துகளும் எவ்வாறு கெடுக்கின்றன என்று கூறியதோடு அவர் நிற்கவில்லை. மருத்துவச்சியர், செவிலியர், பிணக்குழி தோண்டுவோர், மீன்பிடிப்போர், பாடுவோர், ஓட்டத் தூதர், கற்றறிந்த புலவர் ஆகிய யாவர்க்கும் அதில் அதிகாரங்கள் உண்டு. 1705இலேயே அஃது ஆங்கிலத்தில் வந்துவிட்டது. 1776இல் ஆடம் ஸ்மித் என்னும் பொருளாதார நூலாசிரியர், அளவிறந்த உழைப்பால் தொழிலாளர் உடல் கெடுதலைப் பேசுமிடத்து இந்நூலையே சுட்டினார்.

நச்சுப்பொருளால் நோய் வருதல் எவர்க்கும் எளிதில் விளங்கும். ஆயின் ராமஸ்ஸினி தொழில்நோய்களுக்கு இரண்டு காரணங்களைக் காட்டினார். ஒன்று, கையாளும் பொருளின் தீங்கு. மற்றொன்று, உடம்பின் இயற்கைக்கு மாறான நிலைகளும், கட்டுக்கடங்காத அல்லது ஓயாத அசைவுகளும். இவ்விரண்டாவது காரணமே நம் கருத்தை மிகவும் கவர்கின்றது. ஏனெனில், இங்கு நஞ்சென்று சுட்டத்தக்கது யாதுமில்லை. ரொட்டி சுடுவோன் மாவைத்தான் பிசைகின்றான். அம்மாவு யாரையும் கொல்வதன்று. ஆயினும் நாள்தோறும் பிசைந்து பிசைந்து அவன் கைகள் வீங்கித் தடித்திருத்தலை ராமஸ்ஸினி கண்டார். நாள்முழுதும் நின்றே வேலை செய்வோர் கால்களையும், குனிந்தே தைப்போர் முதுகுகளையும் கண்டார். நெசவு செய்யும் பெண்டிர்க்குக் கை, கால், முதுகு ஆகிய எல்லாவுறுப்பும் ஒருங்கே உழைத்தலைக் கண்டார்.

இவ்வரிசையில் அவர் கடைசியாகக் கண்டது எழுதுவோன் கையை. இந்நூலின் இரண்டாம் பதிப்பு 1713இல் பாதுவா நகரில் வெளிவந்தபோது, அவர் மேலும் 12 தொழில்களைச் சேர்த்தார். அச்சுத்தொழிலாளர், தச்சர், செங்கல் செய்வோர், கிணறு வெட்டுவோர், மாலுமிகள், சவர்க்காரம் காய்ச்சுவோர் முதலியவரோடு எழுத்தரும் பத்திரப்பதிவாளரும் அதில் இடம்பெற்றனர். (தச்சர்க்கும் ஓர் அதிகாரம் உண்டென்பது, தச்சர் இல்லத்தில் வளர்ந்த நம் ஆண்டவரைத் தொழும் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.) அக்காலத்தில் அரசர்க்கும் வணிகர்க்கும் கணக்கும் கடிதமும் எழுதிக் கொடுப்பவர் ஒரு பெருங்கூட்டத்தினர். அவர்கள் சுமை தூக்குவதில்லை, வெயிலில் நிற்பதில்லை, அவர்கள் கையில் இருப்பது ஓர் இறகு. அவ்விறகின் பாரம் யாது? ஒன்றுமில்லை என்றே எவரும் கூறுவர். எழுத்தர்க்கு வரும் துன்பத்திற்கு ராமஸ்ஸினி மூன்று காரணங்கள் உரைத்தார். இடையறாது அமர்ந்திருத்தல் ஒன்று. கை எப்பொழுதும் ஒரே திசையில் ஒரே வகையாக ஓயாது அசைதல் மற்றொன்று. கணக்கிற் பிழை நேர்ந்து எசமானர்க்கு நட்டம் வருமோ என்னும் மனவழுத்தம் மூன்றாவது. எழுதுகோலை இடைவிடாது ஓட்டுவதனால் கையின் தசைகளும் அவற்றின் நாண்களும் ஓய்வின்றி விறைத்தே நிற்கின்றன என்றும், காலப்போக்கில் வலக்கை வலியிழக்கின்றது என்றும் அவர் விளக்கினார்.

தமக்கு அறிமுகமான பத்திரப்பதிவாளர் ஒருவரைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். அம்மனிதர் வாழ்நாள் முழுதும் எழுதியே பொருள் சேர்த்தவர். முதலில் அவர்க்குக் கை முழுவதும் ஓர் அயர்ச்சி தோன்றிற்று. எம்மருந்திற்கும் அஃது அடங்கவில்லை. இறுதியில் வலக்கை முற்றும் செயலற்றது. அவர் மனந்தளராமல் இடக்கையால் எழுதக் கற்றுக்கொண்டார். சிறிது காலத்தில் அக்கையையும் அதே நோய் பற்றியது. அந்நூலின் இப்பகுதியைப் படித்தபோது நாம் சற்று நேரம் மேற்செல்லாது நின்றோம். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் எழுதி வெளிப்போந்து, விரல்களை உதறி மடக்கி நீட்டுபவர்க்கு, இப்பத்திரப்பதிவாளர் முந்நூறாண்டு சென்ற அந்நியராகத் தோன்றுவதில்லை.

ராமஸ்ஸினி கண்டதன் உள்ளியல்பைப் பிற்காலச் சாஸ்திரம் எவ்வாறு விளக்குகின்றது என்பதனை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். அஃதின்றேல் அவர் எத்துணை தூரம் சரியாகக் கண்டார், எங்குத் தவறினார் என்பது விளங்காது.

தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிற்றைத் தசைநாண் என்கிறோம். நம் நாட்டார் பேச்சில் அதனையும் நரம்பென்றே சொல்வர். நரம்பு பிசகிற்று என்பாருடைய நோவு பெரும்பாலும் நரம்பின்பாற்பட்டதன்று. நாண் என்னும் சொல்லே பொருத்தமானது. வில்லின் நாண் போல இழுக்கப்பட்டு, இழுவிசையை மறுமுனைக்குச் செலுத்துவதே அதன் பணி. அவ்விசை எத்துணைப் பெரிது என்பதனை ராமஸ்ஸினியின் காலத்தவரான ஜியோவானி பொரெல்லி என்னும் கணித வல்லார் ஆராய்ந்தார். விலங்குகளின் இயக்கத்தைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் 1679இல் இறந்தபின், 1680, 1681ஆம் ஆண்டுகளில் ரோமாபுரியில் அச்சிடப்பட்டது. முழங்கையை மடக்கி உள்ளங்கையில் ஒரு பொருளைத் தாங்கினால், அப்பொருள் மூட்டினின்று ஒருசாண் தூரத்திற்கும் அப்பால் இருக்கின்றது. தாங்கும் நாணோ மூட்டிற்கு நான்கைந்து சென்டிமீட்டர் தூரத்திலேயே எலும்பைப் பற்றியுள்ளது. ஆதலின் நாண் இழுக்கவேண்டிய விசை அப்பொருளின் எடையைப்போல் ஏழெட்டு மடங்காகும். நெம்புகோலின் விதியறிந்தார் யாவர்க்கும் இது தெளிவு. ஆயினும் பொரெல்லிக்கு முன்னிருந்தவர், உடம்பு சிறு விசையாற் பெரும்பாரத்தை எடுக்கின்றது என்றே எண்ணியிருந்தனர். ஓடுவான் குதிகால் நாண் அவனுடைய எடையைப்போற் பன்மடங்கைத் தாங்குகின்றது.

நாணின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார்களால் ஆயது. ஓய்ந்திருக்கும்போது அந்நார்கள் அலையலையாக நெளிந்திருக்கும். மெல்ல இழுத்தால் நெளிவு நிமிரும். மேலும் இழுத்தால் நார்களே நீளும். தன் நீளத்தில் நூற்றுக்கு எட்டு அல்லது பத்துப் பங்களவு நீண்டால் நாண் அறும். இவ்வெல்லைக்கு மிகக் கீழ்ப்பட்ட இழுவையே அன்றாட வேலைகளில் நேர்வது. அங்ஙனமாயின் தீங்கு எங்ஙனம் வருகின்றது? கிணற்றடியில் நாம் காணும் தாம்புக்கயிறு இதற்கு விடை பகரும். ஒரு குடம் நீரால் அக்கயிறு அறுவதில்லை; ஆயிரம் குடத்தாலும் அறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு குடத்திற்கும் ஒரு நார் நைகின்றது. எறும்பு ஊர்ந்து கல் தேய்தலை அறிந்திருந்த நம் முன்னோர்க்கு இது புதிதன்று. 1995இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர், வாலபி எனப்படும் சிறு கங்காருவின் வால் நாண்களை எந்திரத்திற் பூட்டி மீட்டும் மீட்டும் இழுத்துப் பார்த்தனர். ஒருமுறை இழுத்தால் எளிதில் தாங்கும் விசையே, பன்முறை திரும்பத் திரும்ப வந்தால் நாணை அறுத்துவிடுகின்றது என்றும், விசை குறையக் குறைய அறுதற்கு வேண்டும் முறைகள் மிகுகின்றன என்றும் கண்டனர். உயிருள்ள உடம்பில் இந்நைவை நாணிலுள்ள உயிரணுக்கள் செப்பனிடுகின்றன. செப்பனிடுதல் நைவிற்குப் பின்தங்குமாயின் நோவு தொடங்கும்.

அச்செப்பனிடுதலோ மிக மெதுவானது. இதனை அறிந்த வழி வியப்புக்குரியது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வெளியில் நிகழ்த்திய அணுகுண்டுச் சோதனைகளால் ஆகாயத்திற் கதிரியக்கக் கரி மிகுந்தது. பின்பு ஆண்டுதோறும் குறைந்தது. உணவின் வழியே அது மனிதர் உடம்பிலும் படிந்தது. டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர் குதிகால் நாணின் நடுப்பகுதியில் அக்கரியை அளந்து, மனிதனுக்கு ஏறக்குறைய 17 வயதாகும்வரை அந்நாண் வளர்கின்றது என்றும், அதன்பின் அதன் உட்பகுதி மிகுதியாகப் புதுப்பிக்கப்படுவதேயில்லை என்றும் 2013இல் வெளியிட்டனர். பத்தொன்பது வயதினராகிய நாம் இதனைப் படிக்கும்போது சற்றே திடுக்கிடுதல் இயல்பு. வாழ்நாள் முழுதும் நடக்கவேண்டிய கயிறு முன்னரே திரிக்கப்பட்டுவிட்டது.

நாண் உறையுள் வழுக்கி ஓடுமிடத்தும் தீங்கு நேரலாம். மணிக்கட்டிற் பெருவிரற்புறம் ஓடும் இரு நாண்களின் உறை தடித்து, விரலை அசைக்குந்தோறும் நோவு தருதலை 1895இல் ஸ்விட்சர்லாந்து தேசத்து இரணவைத்தியர் ஃபிரிட்ஸ் டி கெர்வேன் விவரித்தார். அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பிரிட்டனில் தந்தியடிப்போரின் கைப்பிடிப்பு 1908இல் நஷ்டஈட்டிற்குரிய தொழில்நோய்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. தந்திச் சாவியின் பாரமும் இறகின் பாரத்தைப் போன்றதே.

ஆயினும் ராமஸ்ஸினி கண்ட பத்திரப்பதிவாளரின் நோய் தசைநாணின் நோய்தானா என்பது ஐயம். வலக்கை கெட்டபின் இடக்கையும் அவ்வாறே கெட்டது. இடக்கையின் நாண்களோ நெடுங்காலம் உழைத்தனவல்ல. எழுதும்போது மட்டும் கை தன்வசமிழந்து திருகிக்கொள்ளும் நோயொன்றை இக்கால வைத்தியர் மூளையின்பாற்படுத்துகின்றனர்; நுண்ணிய ஒரே அசைவை அளவின்றிப் பயிலுதலால், மூளை அவ்வசைவை ஆளும் முறை பிறழ்கின்றது என்பது அவர் கருத்து. இடக்கைக்கு மாறியவர் சிலரை அந்நோய் அங்கும் தொடர்தல் உண்டு. பத்திரப்பதிவாளர்க்கு வந்தது இந்நோயாக இருத்தல் கூடும். அவ்வாறாயின் ராமஸ்ஸினி காரணத்தை நாணில் வைத்தது பிழையே. ஆனால் அவர் எழுதிய மூன்று காரணங்களுள் மனவழுத்தமும் ஒன்றாக நிற்கின்றது என்பதை மறத்தலாகாது. விளக்கத்திற் பிழைபட்டவிடத்தும், கண்டதைக் கண்டவாறே எழுதியமையால், அவர் பின்வந்தோர்க்கு வழியை அடைக்கவில்லை. தம் கொள்கைக்குப் பொருந்தாத இடக்கைச் செய்தியை அவர் விட்டுவிட்டிருக்கலாம், விடவில்லை.

அவர் கொடுத்த சிகிச்சைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல நம் மனம் ஒப்பவில்லை. எண்ணெய் தேய்த்தல், மிதமான தேகாப்பியாசம், நின்றவர் இடையிடையே அமர்தல், அமர்ந்தவர் இடையிடையே உலாவுதல் என்பன அவர் கூறியவை. இக்காலத்தவரும் இவற்றினும் மிக விலகிச் சென்றுவிடவில்லை. படிப்படியாகப் பாரமேற்றி நாணை வலுப்படுத்தும் பயிற்சி ஒன்றே அவர் அறியாத பெரிய உபாயம். ஆனால் அவர் தம் மருந்தின் எல்லையை அறிந்திருந்தார். குயவரைப் பற்றி எழுதுமிடத்து, அவர்கள் கை கால் முடங்கிய பின்னரே வைத்தியரிடம் வருகின்றனர், நோயும் வறுமையும் ஒருங்கே அவர்களை வருத்துகின்றன, தொழிலை விடுக என்பதன்றி நோவைத் தணிக்கும் மருந்தையே கொடுக்கக்கூடும் என்று வருந்தினார். தொழிலை விட்டவன் எதை உண்பான்? இவ்வினாவிற்கு அவர் நூலில் விடையில்லை. அவர் விடையளிக்கவில்லை என்று குறைகூறுவாரும் உளர். வைத்தியர் ஒருவரிடம் அரசாங்கத்தின் வேலையையும் எதிர்பார்த்தல் நேர்மையன்று என்பது நம் எண்ணம். எனினும் குறைகூறுவோரை முற்றும் மறுக்கவும் நம்மால் இயலவில்லை. இருட்டறையிற் கிடந்து கண் தெளிந்த அம்மனிதன், அடுத்த அழைப்பு வந்ததும் மீண்டும் குழியில் இறங்கியிருப்பான்.

1700ஆம் ஆண்டு, நூல் வெளிவந்த அதே வருடத்தில், வெனிஸ் குடியரசின் ஆட்சிக்குட்பட்ட பாதுவா சர்வகலாசாலை ராமஸ்ஸினியை அழைத்தது. கலிலேயோ ஆசிரியராக இருந்த பெருமை வாய்ந்த இடம் அது. அப்போது அவர்க்கு வயது 67ஐ நெருங்கிற்று. அங்குச் சென்ற சில ஆண்டுகளில் அவர் உடல் தளர்ந்தது. இருதயத் துடிப்பும் ஒற்றைத் தலைவலியும் வருத்தின. கண்பார்வை படிப்படியாக மங்கியது. பிறர் படிக்கக் கேட்டும், தாம் சொல்லப் பிறர் எழுதியுமே நூற்பணி நடந்தது. ஓய்வு வேண்டிய அவரை வெனிஸ் ஆட்சிமன்றத்தார் விடவில்லை. இயன்ற அளவு கற்பித்தால் போதும் என்று பதவியிலேயே வைத்துக்கொண்டனர். 1711இல் மாடுகளுக்குப் பெருங்கொள்ளைநோய் வந்தபோது அதனைக்குறித்து அவர் சொற்பொழிவாற்றினார். அரசர் தம் உடலைப் பேணும் வகையைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அரசர்க்கென எழுதிய அந்நூலை இன்று படிப்பார் அரியர்.

1713இல் எழுத்தர் அதிகாரத்தைச் சேர்த்தபோது அவர் எண்பதை அணுகியவர். கற்றோர் நோய்களைப் பற்றி முன்னரே எழுதியிருந்த அவர், தம் கண்ணை நூல்களிடத்துச் செலவிட்டு, பிறர் கையை நம்பி, அக்கைகளுக்கு வரும் நோயை எழுதுவித்தார். அவர் சொற்களைக் கேட்டெழுதிய கையும் அன்று நொந்திருத்தல் கூடும்.

1714ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5ஆம் நாள், வழக்கம்போல் மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லப் புறப்படும் வேளையில் அவர் மூளையிரத்தப் பெருக்கால் தாக்குண்டு வீழ்ந்து, அன்றே உயிர் நீத்தார். அவருடைய நூல்கள் யாவற்றையும் திரட்டி, தம் சிற்றப்பரின் வாழ்க்கை வரலாற்றையும் முன்னே சேர்த்து, பார்த்தொலொமேயோ ராமஸ்ஸினி என்பார் 1716இல் ஜெனீவாவில் வெளியிட்டார்.